பை இல்லாத பத்து நாள்

ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் காலத்தில் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் பள்ளிக்கு வரவேண்டும், அந்த நாட்களில் தச்சு, தோட்டவேலை, மண்பாண்டம் என்று உள்ளூர்த் தொழில்களைப் பார்த்துப் பழக வேண்டும் என்று 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. கொள்கை எழுதுவது டெல்லியில். பத்து நாளை நிரப்ப வேண்டியவர் வகுப்பு வாத்தியார்.

என் தங்கை மகள் பாகூர்க் கொம்யூனில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. நம் புதுவை அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு அவளுக்கு வேலை கூடியிருக்கிறது. "மாமா, உங்களுக்குத்தான் பழைய காகிதமெல்லாம் தெரியுமே. ஏழாவது, எட்டாவது ரெண்டு வகுப்புக்கும் சேத்து ஒரு திட்டம் போட்டுக் குடுங்க. வரலாறும் இருக்கணும், பிள்ளைங்க ஊருக்கு ஏதாவது சேவை செஞ்ச மாதிரியும் இருக்கணும்" என்றாள். தானே எழுதிய ஒரு பக்கத்தையும் கொண்டுவந்திருந்தாள். காலையில் ஏரியைப் பற்றி ஒரு சொற்பொழிவு, பிறகு ஏரிக்கரையைச் சுத்தம் செய்தல், மரக்கன்று நடுதல், பேனர், போட்டோ. பத்தில் நான்கு நாள் துடைப்பமும் கூடையும்தான்.

அந்தப் பக்கத்தைப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்தபோது ஓர் அம்மாள் எழுந்து நின்றாராம். துப்புரவுப் பணிக்குப் போகிறவர். "நான் தொடப்பம் புடிக்கிறது பத்தாதா டீச்சர்? எம் புள்ளையும் புடிக்கணும்னா பள்ளிக்கூடம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைமையாசிரியர், "அடுத்த பொருள்" என்றாராம்.

என்னைப் பொறுத்தவரை அடுத்த பொருளுக்குப் போக வழியில்லை. அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு நம் பக்கத்தில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சேவை என்ற சொல்லையே எடுக்க முடியாது.

பாகூரிலிருந்தே தொடங்கலாம். 1879-ல் அங்கே ஐந்து செப்பேடுகள் கிடைத்தன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டு. வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டவை. நிலைதாங்கி என்ற தலைவன் கேட்டுக்கொண்டபடி மூன்று கிராமங்களைப் பாகூரில் இருந்த ஒரு வித்தியாஸ்தானத்துக்கு மன்னன் கொடுத்தான் என்கின்றன அவை. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அந்தக் கிராமங்கள். வித்தியாஸ்தானம் என்றால் கல்விச்சாலை. நாம் ஆசிரியர் சம்பளம், விடுதிச் செலவு என்று தனித்தனித் தலைப்பில் எழுதுவதை அவர்கள் மூன்று ஊர்களாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செப்பேடுகள் பிறகு பாரிஸ் போய்ச் சேர்ந்தன.

நம் ஊர் விழா மேடைகளில் இந்தச் செப்பேட்டைப் பற்றிப் பேசாதவர் கிடையாது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே பாகூரில் பல்கலைக்கழகம் இருந்தது என்று மார்தட்டுவார்கள். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் வருவாய்த் துறையில் முப்பத்தெட்டு வருடம் கணக்குப் பார்த்தவனுக்கு வேறொரு கேள்வியும் எழும். அந்த மூன்று கிராமத்து வருமானம் என்றால் என்ன? யாரோ ஏரியில் இறங்கி மண் எடுத்தார்கள், மடை திறந்தார்கள், நாற்று நட்டார்கள், நெல் அளந்தார்கள். அந்த நெல்லில் வேதமும் வேதாங்கமும் மீமாம்சையும் படித்தவர்கள் வேறு பிள்ளைகள். ஊர் பள்ளிக்குச் சேவை செய்தது, ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்குள் இல்லை. எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு இது புரியும். ஏழாவது பிள்ளைக்கும் புரியும். என் திட்டத்தில் முதல் நாள் பாடம் இதுதான்: செப்பேட்டின் செய்தியைச் சொல்லிவிட்டு, "இதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை?" என்று கேட்பது.

அடுத்தது நம் காலத்துக்கு நெருங்கிய கதை. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் ஒரு கல்வி மாநாடு கூட்டினார். ஜாகீர் உசேன் தலைமையில் குழு அமைத்தார்கள். கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடத்தையும் கற்பிப்பது, ஏழு வருடக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில் கற்பது, இவைதான் அதன் சாரம். ஆதாரக் கல்வி என்று நாம் கேள்விப்பட்டது அதைத்தான். அதைச் சேவாகிராமத்தில் வருடக்கணக்காகக் கட்டி நடத்தியவர் யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம். அவருடைய மனைவி ஆஷாதேவியும் கூடவே நின்றார். குழுவில் நம் ஜே.சி. குமரப்பாவும் இருந்தார். இந்தப் பெயர்களை நம் பிள்ளைகள் கேள்விப்பட்டதேயில்லை.

காந்தியின் எண்ணத்தில் ஒரு நியாயம் இருந்தது. எல்லா ஜாதிப் பிள்ளையும், எல்லா வீட்டுப் பிள்ளையும் கையால் வேலை செய்ய வேண்டும் என்றார். வக்கீல் மகனும் நூற்க வேண்டும். ஆனால் நடைமுறையில் வக்கீல் மகன் ஆதாரப் பள்ளியில் சேரவில்லை. அவன் இங்கிலீஷ் பள்ளிக்குப் போனான். கிராமத்துப் பிள்ளை மட்டும் தக்ளி சுற்றினான்.

1953-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இதைவிடச் சூடான கதை. கிராமப் பள்ளிகளில் பாதி நேரம் மட்டும் வகுப்பு, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்பது திட்டம். பள்ளிக்கூடம் போதவில்லை, வாத்தியார் போதவில்லை, இரண்டு முறையாக நடத்தினால் இரட்டிப்புப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் கணக்கு. எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்குப் பிறகு திட்டம் எழுந்து நிற்கவே இல்லை. பெரியார் ஒரு பக்கம், தி.மு.க. ஒரு பக்கம், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. அப்போது நாம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தோம், அந்தத் திட்டம் நமக்கு இல்லை. ஆனால் பாகூரைச் சுற்றிலும் கடலூர்ப் பக்கத்து ஊர்கள்தானே. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், அந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், கொள்வினை கொடுப்பினை இரண்டு பக்கமும். சவரத் தொழிலாளி மகன் கத்தி பிடிக்கவும் சலவைத் தொழிலாளி மகள் துணி துவைக்கவும் அரசாங்கமே நேரம் ஒதுக்குகிறதா என்ற கோபம் வரப்பைத் தாண்டி வராமலா இருந்திருக்கும்?

ராஜாஜியின் கணக்கு கணக்காகச் சரி. மனிதர்களாகத் தப்பு. தந்தை தொழிலிலிருந்து தப்பிக்கத்தான் பலர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்பது அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்த அம்மாள் இந்த வரலாற்றைப் படித்திருக்க வேண்டியதில்லை. அவர் அதற்குள்ளேயே இருப்பவர்.

இங்கே நான் படித்த படிப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. ஆனாலும் எங்கள் பிரெஞ்சு வழி வகுப்பறையில் பிரான்ஸ்தான் நடந்துகொண்டிருந்தது. செயின், லுவார், கரோன், ரோன் ஆகிய நாலு நதியும் எங்கே பிறந்து எந்தக் கடலில் விழுகின்றன என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். சங்கராபரணி எங்கே பிறக்கிறது என்று எங்களை ஒருவரும் கேட்டதில்லை. (செஞ்சி மலைப்பக்கம்.) ஆன்ஸ்த்ரூக்சியோன் சிவீக் என்று ஒரு பாடம். கொம்யூன் என்றால் என்ன, மேர் என்ன செய்வார், பிரெஃபே என்ன செய்வார் என்று மனப்பாடம். பிரான்சில் ழுல் ஃபெரியின் 1882 சட்டத்தோடு பள்ளிக்குள் வந்த பாடம் அது. சொல்லிக் கொடுத்த விதத்தில் குறை சொல்லமாட்டேன், கையெழுத்தும் ஒழுங்கும் அங்கே வந்தவைதான். ஆனால் பாடத்துக்கும் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வாய்க்காலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அதே பிரான்சில் ஜன்னலைத் திறந்த வாத்தியார் ஒருவரும் இருந்தார் என்பது ஓய்வு பெற்ற பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. செலெஸ்தேன் ஃபிரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். நெடுநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த மூச்சு போதாது. 1920-ல் தென்பிரான்சில் பார்-சுர்-லூ என்ற கிராமத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் நடப்பார். தொழிலாளிகளின் பட்டறைகளில் நின்று பார்ப்பார்கள், வயலில் நிற்பார்கள், திரும்பி வந்து பார்த்ததை எழுதுவார்கள். ஒரு சிறிய அச்சுப்பொறி வாங்கிப் பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளையே அச்சடிக்க வைத்தார். பிறகு சேன்-போல் என்ற ஊருக்கு மாற்றலானபோது அவருக்கு எதிராகப் பெரிய கிளர்ச்சி நடந்தது. அரசுப் பள்ளியை விட்டு வெளியேறி 1935-ல் வான்ஸ் ஊரில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். அவர் பிள்ளைகளைக் குப்பை வார அனுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரை எழுத வைத்தார்.

நான் திட்டத்தை எழுதியது அந்த வழியில்தான். கரையைச் சுத்தம் செய்யும் நான்கு நாளையும் அடித்துவிட்டேன். அம்மாளின் மனசு நோகும் என்பது மட்டும் காரணமில்லை. கொம்யூன் பஞ்சாயத்தில் கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளைகள் சும்மா செய்தால், அந்தக் கூலி யாருக்குப் போகாமல் நிற்கிறது? அதே பிள்ளைகளின் வீட்டுக்குத்தான். நூறு நாள் வேலையில் ஏரியிலும் வாய்க்காலிலும் மண் சுமப்பவர்களில் எத்தனை பேர் இந்தப் பள்ளியின் தாய்மார்கள்! துடைப்பத்தை முழுவதும் விலக்கவும் இல்லை. தங்கள் வகுப்பறையை எல்லோரும் முறை வைத்துப் பெருக்கலாம். பட்டியலில் ஆசிரியையின் பெயரும் தலைமையாசிரியரின் பெயரும் இருக்க வேண்டும், அகர வரிசையில். இதைக் குறிப்பாக எழுதியிருக்கிறேன்.

மூன்று நாள் காகிதமும் வாயும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பழைய காகிதத்தின் செய்தியைக் கொண்டுவர வேண்டும். பட்டா, கிரயப் பத்திரம், எத்தா சிவில் பிறப்புப் பதிவு நகல், எதுவானாலும். காகிதத்தையே எடுத்து வர வேண்டாம், தொலைந்தால் யார் பொறுப்பு? காகிதமே இல்லாத வீடுகளும் இருக்கும், அதுவும் ஒரு செய்தி. அந்த வீட்டுப் பிள்ளைகள் தாத்தா பாட்டி சொன்னதை எழுதி வரலாம். மூன்றாம் நாள் வகுப்பில் பேச யாரை அழைப்பது என்று தங்கை மகள் கேட்டாள். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரை நினைத்திருந்தாள். நான் அந்தத் துப்புரவுப் பணி அம்மாளின் பெயரைச் சொன்னேன். அவருடைய மாமனார் மடை திறக்கும் வேலை பார்த்தவர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எந்த மடையில் எத்தனை பலகை, எந்த வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியும், எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. அன்றைக்கு அவருக்கு ஒரு நாள் கூலி போகும், அதைக் கொடுத்தாக வேண்டும். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஆசிரியை விழித்தாள். சில்லறைச் செலவு என்று எழுதி ரசீது வாங்கிக்கொள், தணிக்கையில் ஒன்றும் வராது என்றேன். நான் உத்தியோகத்தில் கற்றது வீண்போகவில்லை.

அடுத்த மூன்று நாள் நடை. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. வாய்க்காலின் நம் பக்கத்துத் துண்டைப் பிள்ளைகள் பார்த்துப் படம் வரைய வேண்டும். மதகு எங்கே, பாலம் எங்கே, எங்கே அகலம், எங்கே குறுகிவிட்டது, எங்கே குப்பை. இங்கேதான் தங்கை மகளுக்குப் பயம் வந்தது. வாய்க்கால் குறுகிய இடம் யாராவது பெரிய மனிதருடையதாக இருந்தால்? இவளுக்கு மாற்றல் உத்தரவு வந்தால்? பயம் நியாயமானதே. படத்தில் அளவு மட்டும் இருக்கட்டும், ஆள் பெயர் வேண்டாம் என்று எழுதினேன். பத்து அடி, எட்டு அடி, மூன்று அடி. பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மனு கொடுப்பதென்றால் பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையை முன்னால் நிறுத்தி பெரியவர்கள் பின்னால் ஒளிவது எனக்குப் பிடிக்காது.

ஏழாம் நாள் குடிமையியல். ஏரியை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்வி. பிரெஞ்சுக் காலத்தில் கேஸ் கொம்யூன் என்ற ஊர்ப் பொதுநிதியும் சேந்திக்கா அக்ரிகோல் என்ற உழவர் சங்கமும் இருந்தன. ஏரிப் பாசனக்காரர்களே பணம் போட்டு, ஆள் வைத்துப் பராமரித்தார்கள். பிறகு பொறுப்பு அரசுத் துறைக்குப் போனது. 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கிய புனரமைப்புத் திட்டம் நம் பகுதியின் 84 ஏரிகளையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஊர்ச் சங்கங்களை அமைத்தது. பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் பஞ்சாயத்து என்று ஒரு பாடமும் இருக்கும். நம் பகுதியில் 1880-லேயே பிரெஞ்சுக்காரர்கள் கொம்யூன்கள் அமைத்துத் தேர்தல் வைத்தார்கள். 1968-க்குப் பிறகு 38 வருடம் உள்ளாட்சித் தேர்தல் இல்லை. 2006-ல் ஒருமுறை நடந்தது. 2011-ல் அவர்களுடைய பதவிக்காலம் முடிந்தது, பிறகு தேர்தலே நடக்கவில்லை. இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அவர்கள் ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துத் தலைவர் கிடையாது. பாடத்தில் உள்ளதைப் படித்துவிட்டு, "நம் ஊர்த் தலைவர் யார்?" என்று கேட்டால் ஆசிரியை என்ன சொல்வாள்? உள்ளதைச் சொல்ல வேண்டியதுதான்.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் சேவை. கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டுப் பிள்ளைகள் உட்காருவார்கள். முதியோர் உதவித்தொகை, ஆயுள் சான்று, வருமானச் சான்று, எந்த விண்ணப்பமானாலும் ஊர்ப் பெரியவர்களுக்கு வாசித்துச் சொல்லி நிரப்பிக் கொடுப்பார்கள். பாஸ்புக் எண், ஆதார் எண் எழுதும் கட்டங்களைப் பிள்ளைகள் தொடக்கூடாது, அதற்கு ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓ.டி.பி. பக்கமே போகக்கூடாது. என் உத்தியோக காலத்தில் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்ததற்காகக் கிராமத்துக் கிழவிகள் எத்தனை முறை பஸ் ஏறி வந்து திரும்பினார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். எழுத்துத் தெரிந்த பிள்ளை ஊருக்குச் செய்யக்கூடிய வேலைகளில் இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தூசு தட்டுவதற்கு ஆள் உண்டு, கட்டத்தை நிரப்ப ஆள் இல்லை.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் 1992-லிருந்து உயர்நிலைப் பள்ளி முடிக்க 75 மணி நேரச் சேவை கட்டாயம் என்று படித்த தலைமையாசிரியர், நாமும் மணிக்கணக்கு வைக்கலாமா என்று கேட்டனுப்பினார். வேண்டாம் என்று பதில் எழுதினேன். மணிக்கணக்கு வந்தால் பொய்க்கணக்கும் வரும். மஸ்டர் ரோல் பார்த்து வயதானவன் சொல்கிறேன்.

பத்தாம் நாள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஏரி நோட்டு. மடைப் பெயர்கள், வாய்க்கால் பெயர்கள், யார் எந்த வேலை பார்த்தார்கள், சொன்னவர் பெயர், வயது, எழுதிய பிள்ளையின் பெயர். மூன்று பிரதி: ஒன்று பள்ளிக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு, ஒன்று கொம்யூன் அலுவலகத்துக்கு, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பத்தோடு. அந்த ஒப்புகைச் சீட்டைப் பிள்ளைகளே கேட்டு வாங்கப் பழக வேண்டும்.

திட்டத்தைத் தங்கை மகள் அந்த அம்மாளிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினாள். முழுவதும் கேட்டுவிட்டு, "மூணாம் நாள் நான் வந்து பேசறது சரி. அன்னிக்கு எம் புள்ளைய முன்னாடி உக்கார வையுங்க" என்றாராம். வேறொன்றும் சொல்லவில்லை.

வகுப்பு பொங்கல் விடுமுறைக்குப் பிறகு தொடங்குகிறது. மண்டபத்து மேசைக்கு நானும் இரண்டு நாள் போகிறேன், என்னைப் போல ஓய்வு பெற்ற எழுத்தர்கள் இன்னும் இருவர் வந்தால் நல்லது. பாகூர்ப் பக்கத்து அன்பர்கள் யார் வீட்டுப் பெட்டியிலாவது கேஸ் கொம்யூன் ரசீதோ, பழைய மடைக் கணக்கோ கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு நாள் கொடுத்தால் போதும். படி எடுத்துக்கொண்டு, எழுதிப் பெற்ற சீட்டோடு திருப்பித் தருவோம்.